எத்தனை நாளில் எந்த ஆட்டம்? சித்தூர், திருப்பதிக் கல்லூரி அணிகளின் தாக்குதல் உத்தி குறித்து

கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தாக்குதல் உத்தியைத் தெரிவு செய்யும் பொறுப்பு உடற்கல்வி இயக்குநரிடம் வந்து சேரும்போது, அவர் முன்னால் பொதுவாக இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. முதலாவது, மாணவர்கள் கைபேசித் திரையில் கண்டு மயங்கி வரும் வழி. பின்களத்திலிருந்து குறும்பாஸ்களாகப் பந்தை நகர்த்தி, எதிரணியை அங்குமிங்கும் இழுத்துக் களைப்படையச் செய்து, இடைவெளி தென்படும் வரை காத்திருப்பது. இரண்டாவது, முன்பு ஆடிய மூத்தவர்கள் பரிந்துரைக்கும் வழி. அணியில் ஓட்டத்தில் சிறந்தவர் எவரோ அவரை முன்னால் நிறுத்தி, பந்தை உயரத் தூக்கி அவரிடம் அனுப்புவது. முதலாவதற்கு நவீனம் என்றும் இரண்டாவதற்கு நடைமுறை அறிவு என்றும் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தா வழிகள். இவ்விரண்டில் எது சிறந்தது என்று விவாதிப்பவர்கள், அணிக்குப் பயிற்சி பெற எத்தனை நாள்கள் கிடைக்கின்றன என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. உத்தியைத் தீர்மானிக்கும் முதல் அளவுகோல் அந்த எண்தான்.

பல்கலைக்கழக அணி எவ்வாறு உருவாகிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 1954இல் திருப்பதியில் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமாயினும், இதனையொத்த வேறு எந்த மாநிலப் பல்கலைக்கழகமாயினும் வழிமுறை ஏறத்தாழ ஒன்றே. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி நடக்கும். அதிலிருந்து வீரர்கள் தெரிவு செய்யப்படுவார்கள். ஒரு குறுகிய பயிற்சி முகாம் நடக்கும். பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்கு அணி புறப்படும். மண்டலத்தில் முன்னேறியவர்களே அகில இந்தியச் சுற்றுக்குச் செல்வார்கள். ஆக, தென்மண்டலத்தின் முதல் ஆட்டத்தில் களமிறங்கும் பதினொருவரும் முகாமில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்தித்திருப்பார்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். புத்தூர், நகரி, சத்தியவேடு பகுதி மாணவர் தமிழ்நாட்டு எல்லையோரத்திலிருந்து வருவார். பலமநேர், குப்பம் பகுதி மாணவர் மேட்டுநிலத்திலிருந்து வருவார். முகாமுக்கு வெளியே இவர்கள் கூடிப் பயிற்சி செய்ய வாய்ப்பு இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னர், விளையாட்டு நிர்வாகமும் இரண்டு அலுவலகங்களாகிவிட்டது.

இவர்களை ஒன்றிணைப்பதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. உத்தி பற்றிய பேச்சில் இது ஏனோ இடம்பெறுவதே இல்லை. இப்பகுதி அணியொன்றில் தெலுங்கு, தமிழ், உருது மூன்றும் வீட்டுமொழிகளாக இருக்கும். வகுப்பறையில் தெலுங்கும் ஆங்கிலமும் கைகொடுக்கும். களத்தில், முதுகுக்குப் பின்னால் எதிரணி வீரர் நெருங்கும் அந்த ஒரு நொடியில், வாயில் வருவது வீட்டுமொழியே. ஒருவர் "விடு" என்பார், இன்னொருவர் "வதிலெய்" என்பார், மூன்றாமவர் "சோடு" என்பார். மூன்றுக்கும் பொருள் ஒன்று, ஆனால் கேட்பவர் புரிந்துகொள்ள எடுக்கும் அரை நொடியில் பந்து பறிபோய்விடும். நான்கைந்து அழைப்புச் சொற்களை முகாமின் முதல் நாளிலேயே பொதுவில் முடிவு செய்துகொள்ளாத அணி, எவ்வளவு அழகான உத்தியைக் கரும்பலகையில் வரைந்தாலும் பயனில்லை.

அடுத்தது மண். இப்பகுதிக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கால்பந்துக்கெனத் தனியே வளர்க்கப்பட்ட புல்தரை கிடையாது. ஒரே மைதானத்தில் கபடியும் கோ-கோவும் கிரிக்கெட்டும் ஆடப்படும். காலையும் மாலையும் நடைப்பயிற்சி செய்பவர்கள் சுற்றி வருவார்கள். வெயில் காலத்தில் தரை கெட்டித்துப் பந்து எகிறும். கல்லூரிப் போட்டிகளின் பருவமோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு மோதிக்கொள்கிறது. ஆந்திரத்தின் தென்கோடி மாவட்டங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை முக்கியமானது. 2021 நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் மிதந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மாதங்களில் பந்து சேற்றில் நின்றுவிடும். எகிறும் தரையிலும் நின்றுவிடும் தரையிலும் இருபது முப்பது குறும்பாஸ்களை இழையறாமல் கோப்பது, உலகின் தலைசிறந்த அணிகளுக்கே எளிதன்று.

முதல் வழியின் இடர்ப்பாடு இவ்வளவோடு முடியவில்லை. பந்தைத் தன்வசம் வைத்திருக்கும் ஆட்டமுறை பார்ப்பதற்கு எளியதாகத் தோன்றுகிறது: அருகில் நிற்பவரிடம் கொடு, நகர்ந்துகொள், திரும்பப் பெறு. அதன் பின்னால் இருப்பது பத்து வயது முதல் ஒன்றாக வளர்ந்தவர்களின் பல்லாண்டுப் பழக்கம். பார்சலோனாவின் பயிற்சிப் பள்ளியில் சிறுவயதிலேயே சேர்ந்தவர்கள் பலர் ஒரே அணியில் கூடியதால் ஸ்பெயின் 2010இல் உலகக் கோப்பையை வென்றது. அதே ஸ்பெயின் 2018 ஜூலை 1 அன்று மாஸ்கோவில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களைக் கொடுத்தும் 1-1 என்ற நிலையைத் தாண்ட இயலாமல் பெனால்டி உதைகளில் வெளியேறியது. பழுத்த பயிற்சி பெற்றவர்களிடமே அந்த முறை சில வேளைகளில் வெறும் பந்துச் சுழற்சியாகத் தேய்ந்துவிடுகிறது. மூன்று வார முகாமில் அதைப் போலச் செய்தால் மிஞ்சுவது அதன் சாயல் மட்டுமே. அதுவும் பந்தைத் தன் கோல் அருகிலேயே இழக்கும் ஆபத்தான சாயல்.

இந்த இடத்தில் கோழிக்கோட்டை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. 1968இல் தொடங்கப்பட்ட காலிக்கட் பல்கலைக்கழகம் 1971இலேயே அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துப் பட்டத்தை வென்றது. அதன் பிறகும் பலமுறை வென்றிருக்கிறது. அவர்களால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி உற்சாகமூட்டுவது. எனினும் மலபாரில் ஒரு மாணவர் கல்லூரிக்குள் நுழையும்போதே ஊர் மைதானத்தில் எழுவர் ஆட்டம் நூற்றுக்கணக்கில் ஆடி முடித்திருப்பார். நெருக்கடியான இடத்தில் பந்தை வாங்கித் திருப்புவதை எந்தப் பயிற்சியாளரும் அவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சித்தூர்ப் பகுதி மாணவரின் உடலில் ஊறியிருப்பது பெரும்பாலும் கபடி, கோ-கோ, கிரிக்கெட், ஓட்டம். இதைக் குறையாகக் கருதுவது தவறு. கபடி ஆடியவரிடம் எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவர் செல்லும் திசையை ஊகிக்கும் திறன் இருக்கிறது; கோ-கோ ஆடியவரிடம் திடீரெனத் திசை மாறி ஓடும் கால்கள் இருக்கின்றன. பந்தைப் பறிக்கும் கலைக்கு இவை இரண்டும் அருமையான மூலதனம். தாக்குதல் உத்தி இந்த மூலதனத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இனி இரண்டாவது வழி. உயரத் தூக்கி அனுப்பும் முறைக்கு ஆராய்ச்சித் துணை இருப்பதாக நம்புபவர்கள் கல்விக்கூடங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே அந்த ஆராய்ச்சியைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது. இங்கிலாந்தின் விமானப்படையில் கணக்கராகப் பணியாற்றிய சார்லஸ் ரீப் 1950 மார்ச்சில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பேட்டில் பாஸ்களை எண்ணத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் எண்ணிக்கொண்டே இருந்தார். 1968இல் புள்ளியியலாளர் பெஞ்சமினுடன் இணைந்து ராயல் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற முடிவு, ஏறத்தாழ 80 விழுக்காடு கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களுக்குப் பின் விழுகின்றன என்பது. இதிலிருந்து பாஸ்களைக் குறைத்தால் கோல்கள் கூடும் என்ற போதனை பிறந்தது. இங்கிலாந்துக் கால்பந்தின் ஒரு முழுத் தலைமுறை அந்தப் போதனையின் நிழலில் வளர்ந்தது.

புள்ளியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் இந்த வாதத்தின் ஓட்டையைக் காட்டிவிடுவார். ஆட்டத்தில் நிகழும் பந்து உடைமைகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே கோல்களில் பெரும்பாலானவையும் அந்தக் கூட்டத்திலிருந்து வருவதில் வியப்பேதும் இல்லை. பேருந்தில் செல்பவர்களே அதிகம் என்பதால் விபத்தில் சிக்குபவர்களிலும் பேருந்துப் பயணிகள் அதிகம் இருப்பார்கள். அதனால் பேருந்து ஆபத்தானது என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. 2005இல் ஹியூஸ், ஃபிராங்ஸ் இருவரும் 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களின் தரவுகளை எடுத்து, பாஸ் தொடரின் நீளம் ஒவ்வொன்றும் எத்தனை முறை நிகழ்ந்தது என்பதையும் கணக்கில் சேர்த்து மறுபடி கணக்கிட்டார்கள். நீண்ட தொடர்களுக்கு ஒரு தொடருக்கான கோல் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால், கோலை நோக்கி உதைக்கும் நிலை வந்தபிறகு அந்த உதை கோலாக மாறும் விகிதம் நேரடி ஆட்டத்தில் மேலாக இருந்தது. எதிரணி ஒழுங்குபடுவதற்குள் சென்று சேர்ந்தால் இலக்கு திறந்து கிடக்கிறது என்பதே இதன் எளிய விளக்கம்.

ரீப் குறிப்பேட்டில் இன்னொரு செய்தியும் இருந்தது; உயரப் பந்தின் ஆதரவாளர்கள் அதை வசதியாக மறந்துவிட்டார்கள். கோல்களில் பெரும் பங்கு, எதிரணியின் கோலுக்கு அருகிலேயே பந்தைத் திரும்பப் பறித்த நிகழ்வுகளிலிருந்து வந்திருந்தது. பாஸ்கள் எத்தனை என்பதைவிட, பந்தை எங்கே பறித்தோம் என்பது கோலுக்கு நெருக்கமான காரணம். சித்தூர், திருப்பதி அணிகளுக்கான விடையின் முதல் பாதி இங்கே இருக்கிறது.

மறுபாதிக்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. 1956 முதல் 2014 வரை சித்தூர் மாவட்டத்தின் தலைநகராகவும் இருந்த ஹைதராபாத்தில் அது இருக்கிறது. சையது அப்துல் ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், உடற்கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளி விளையாட்டுகளைக் கவனித்துக்கொண்டவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை 1950 முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தவர். 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா பெற்ற இரண்டு தங்கங்களும் அவர் பயிற்சியில் கிடைத்தவை. 2024இல் வெளியான 'மைதான்' திரைப்படம் அவரை மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்தது. படத்தில் உணர்ச்சி மிகுதி. ஆசிரியராக அவர் செய்த வேலையின் நுணுக்கம் கதையின் வேகத்தில் பின்னுக்குப் போய்விட்டது. கல்லூரி அணிகள் அவரிடம் கற்க வேண்டியது அந்த ஆசிரியத் தொழிலைத்தான்.

ரஹீம் விசித்திரமான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் பந்தைக் காலோடு உருட்டிச் செல்வதற்குத் தடை. வாங்கியவுடன் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும். ஹைதராபாத் ஆட்டக்காரர்கள் இயல்பிலேயே பந்தை உருட்டி எதிராளியை ஏமாற்றுவதில் வல்லவர்கள். கைதட்டலும் அதற்கே கிடைத்தது. அந்தப் பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது என்று உணர்ந்த ஆசிரியர், ஆட்டத்தின் விதியையே மாற்றினார். விதி கட்டாயப்படுத்தியதை உடல் சில வாரங்களில் ஏற்றுக்கொண்டது. குறுகிய காலத்தில் கற்பிக்க விரும்புபவருக்கு இதனினும் மேலான முறை இன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டு தொடுதல்களுக்குள் பந்தைக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே விதியோடு நாள்தோறும் அரைமணி நேரம் ஆடவைத்தால், முகாம் முடிவதற்குள் அணியின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும்.

உலகின் புதிய உத்திகளையும் அவர் கண்மூடி இறக்குமதி செய்யவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். மறு ஆண்டு நவம்பரில் ஹங்கேரி, வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியது. அன்று ஹிதெகுடி மைய முன்கள இடத்திலிருந்து பின்வாங்கி நின்று எதிரணித் தடுப்பாளரைக் குழப்பினார். அந்த மாற்றத்தின் பொருளை இந்தியாவில் விரைந்து உள்வாங்கியவர்களில் முதன்மையானவர் ரஹீம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா, முடிவு 1-4. பத்துக் கோல் வாங்கிய அணி நான்கே ஆண்டுகளில் அதே எதிரியை ஒரு பாதி முழுக்கக் கோலின்றித் தடுத்து, பின்னர் முன்னிலையும் பெற்றது. நான்காம் இடம் என்ற பதிவைவிட இந்த இடைவெளியே ரஹீமின் பணியை நன்றாக அளக்கிறது.

1962 ஜகார்த்தா இன்னும் நெருக்கமான பாடம், ஏனெனில் அங்கு நிலைமை பல்கலைக்கழகப் போட்டியைப் போலவே இருந்தது: ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 4 வரை பத்து நாள்களில் ஐந்து ஆட்டங்கள், நடுவில் காயங்கள், மாற்று வீரர் பஞ்சம். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் நடுத்தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம்; தையல் போட வேண்டியதாயிற்று. தலையால் பந்தைத் தட்டி விலக்க வேண்டிய இடத்தில் தையலோடு ஒருவரை நிறுத்த இயலாது. ரஹீம் அவரை அரையிறுதியில் மைய முன்கள வீரராக நிறுத்தினார். ஜர்னைல் தம் கல்லூரி நாள்களில் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரிந்திருந்தது என்பார்கள். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்; இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக மற்றொன்று. பி.கே. பானர்ஜியின் கோலும் சேர, 2-1 என்று தங்கம். இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்களத்தில் சுனி கோஸ்வாமியோடு ஆடியவர் துளசிதாஸ் பலராம். இருவரும் ஹைதராபாத், செகந்திராபாத் மண்ணில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தினர். அடுத்த ஆண்டு ஜூனில் புற்றுநோயால் ரஹீம் மறைந்தார்.

ஜர்னைல் கதையை வீரத்தின் கதையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. பயிற்சியாளருக்கு அது தகவலின் கதை. தன் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் இதற்கு முன் எங்கெங்கு ஆடினார்கள் என்பதை ஒருவர் அறிந்திருந்தார். அந்த அறிவு ஒரு நெருக்கடியில் உத்தியாக மாறியது.

இவற்றைத் தொகுத்தால் சித்தூர், திருப்பதிக் கல்லூரி அணிகளுக்கு ஏற்ற தாக்குதல் முறை இதுவாக இருக்கலாம். பந்தை எதிரணியின் பாதியிலேயே, குறிப்பாகப் பக்கக் கோட்டின் அருகே, கூட்டமாக நெருக்கிப் பறிப்பது. பறித்தவுடன் மூன்று நான்கு பாஸ்களுக்குள், ஒவ்வொருவருக்கும் இரண்டு தொடுதல்களுக்கு மேற்படாமல், கோலை நோக்கிச் செல்வது. முன்களத்தின் நடுவில் நிற்பவர் எதிரணித் தடுப்பாளர்களோடு ஒட்டி நிற்காமல் சற்றுப் பின்வாங்கி நின்று பந்தை வாங்கி ஓரங்களுக்குப் பிரித்தளிப்பது. ஓர வீரர்கள் அணியின் வேகமான கால்களாக இருப்பது. இவ்வளவையும் பதினைந்து முதல் இருபது நாள்களில் கற்பிக்க முடியும். கபடியும் கோ-கோவும் தந்த உடலறிவு இதில் வீணாகாது. தரை எகிறினாலும் சேறானாலும் மூன்று பாஸ் தாங்கும்.

எதிர்வாதம் ஒன்று உடனே எழும். இந்த வெப்பத்தில் தொண்ணூறு நிமிடம் எதிராளியை நெருக்கிக்கொண்டே ஓட யாரால் இயலும்? இயலாது. தொடர்ந்து நெருக்குவது ஐரோப்பியக் குளிரில் பிறந்த பழக்கம். இங்கு அதைத் தவணைமுறையில்தான் செய்ய வேண்டும்: ஒவ்வொரு பாதியின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எதிரணி கோல்கீப்பர் பந்தைக் குறுகிய தொலைவில் உருட்டி விடும்போது, எதிரணியின் பக்கத் தடுப்பாளர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது. மற்ற நேரங்களில் நடுக்கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்று மூச்சு வாங்கலாம். எப்போது நெருக்குவது, எப்போது நிற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒருவருடையதாக இருக்க வேண்டும். அவர் சொல்லும் சொல் முதல் நாள் ஒப்புக்கொண்ட நான்கைந்து சொற்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றுக்கு முகாம் நேரத்தில் கால் பங்கையாவது ஒதுக்குவது அவசியம். நின்ற பந்திலிருந்து தொடங்கும் தாக்குதலே குறுகிய காலத்தில் மிக எளிதாகக் கற்கத் தக்கது. தரையின் தரமும் அதில் பெரிதாகக் குறுக்கிடாது. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9 கோல்கள் பெனால்டி உள்ளிட்ட நின்ற பந்துகளிலிருந்து வந்தன. தேசிய அணியும் ஒருவகையில் முகாம் அணிதான். வெவ்வேறு கழகங்களிலிருந்து வந்து சில வாரங்கள் மட்டுமே கூடும் அணி. அதன் பயிற்சியாளர்கள் அமெரிக்கக் கூடைப்பந்தில் தடுப்பாளரின் வழியை மறித்துச் சக வீரரை விடுவிக்கும் நகர்வுகளைப் பார்த்துக் கார்னர்களை வடிவமைத்தார்கள். கூடைப்பந்தும் கபடியும் ஆடும் மாணவர்கள் அதே விடுதியில் இருக்கும்போது, இதைக் கற்க இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை.

இவ்வளவு விரிவாக ஓர் உத்தியைப் பற்றிப் பேசுவது வெற்றிக்காக மட்டுமன்று. உத்தியைத் தெரிவு செய்பவர், அணியில் யாருக்குப் பந்து கிடைக்கும் என்பதையும் அதே கணத்தில் தெரிவு செய்துவிடுகிறார். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் ஒன்றிய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு ஏற்கப்படும் தகுதிகளுள் ஒன்று. இப்பகுதியின் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவருக்கு அதன் மதிப்பு என்ன என்பதை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் எவரும் அறிவர். சான்றிதழ் பதினெட்டுப் பேருக்கும் கிடைக்கலாம். பிறர் கண்ணில் படுவது, கழக அணிகளிலிருந்து அழைப்புப் பெறுவது, தன்னால் ஆட முடியும் என்ற நம்பிக்கை பெறுவது ஆகியவை பந்து கிடைப்பவருக்கே கிடைக்கும். ஒரு முன்கள வீரரை நம்பி உயரத் தூக்கும் ஆட்டத்தில் நடுக்கள மாணவர் மூவர் தலைக்கு மேல் பறக்கும் பந்தை அண்ணாந்து பார்த்தே தங்கள் கல்லூரிக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அவர்கள் எதையும் கற்கவில்லை. கற்காததற்கு அவர்கள் பொறுப்பும் அல்லர்.

நம்பப்பட்ட அந்த ஒருவரின் நிலையும் நல்லதன்று. வெளியேற்றுமுறைச் சுற்றுகளில் அடுத்தடுத்த நாள்களில் ஆட்டம் வரும். அணியின் முழுத் தாக்குதலும் ஓர் இணைக் கால்களின் மேல் நிற்கும்போது, பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டாலும் அவரை வெளியே அமர்த்தப் பயிற்சியாளருக்கு மனம் வராது. அவரும் வலியைச் சொல்ல மாட்டார். இருபது வயதில் முழங்கால் போய்விட்ட முன்னாள் நட்சத்திரம் ஏறத்தாழ எல்லாக் கல்லூரி ஊர்களிலும் ஒருவர் உண்டு. பறித்து, மூன்று பாஸில் செல்லும் முறையில் முன்களத்தில் யார் நின்றாலும் ஆட்டம் தொடரும். போட்டி விதிகள் இடமளிக்கும் மாற்று வீரர்கள் அனைவரையும் அச்சமின்றிப் பயன்படுத்த முடியும்.

மகளிர் அணிகளுக்கு இது மேலும் கூர்மையாகப் பொருந்தும். 1983இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தின் நகரத்தில் இதைக் குறிப்பிடாமல் விடலாகாது. கால்பந்துக்குக் கல்லூரியில்தான் அறிமுகமாகும் மாணவியர் பலர். தடகளமோ கபடியோ கோ-கோவோ அவர்களின் முதல் விளையாட்டு. ஆண்கள் அணிக்குத் தரும் பயிற்சியின் சுருக்கப் பதிப்பை அவர்களுக்குத் தருவது வழக்கமாக இருக்கிறது. முகாம் நாள்கள் குறைய குறைய, குறைவாகக் கற்பிக்க வேண்டும் என்பதில்லை. வேறொன்றைக் கற்பிக்க வேண்டும். இரண்டு தொடுதல் ஆட்டமும் கார்னர்ப் பயிற்சியும் மட்டுமே பத்து நாளில் போதுமானவை. மற்றதை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம்.

பயிற்சியாளர்களின் நெருக்கடியை மறுப்பதற்கில்லை. ஒரே உடற்கல்வி இயக்குநர் ஆறேழு விளையாட்டுகளைக் கவனிக்கிறார். பருவத்தேர்வுக் கால அட்டவணை அவரைக் கேட்டுத் தயாரிக்கப்படுவதில்லை. முதல் சுற்றில் தோற்றுத் திரும்பினால் அடுத்த ஆண்டுப் பயணப்படிக்கே கேள்வி எழும். அத்தகைய சூழலில் ஓட்டக்காரர் ஒருவரை நம்பி உயரத் தூக்குவது மனித இயல்பு. முதல் சுற்றை அது கடத்திவிடவும் கூடும். இரண்டாவது சுற்றில், அந்த ஓட்டக்காரருக்கு இருவரைக் காவல் வைக்கும் அணி எதிரே நிற்கும். அப்போது கையில் மாற்று ஏதும் இராது.

தெரிவு நாளன்று வரிசையில் நிற்கும் மாணவர்களிடம் இப்போது கேட்கப்படுவது பெயர், கல்லூரி, ஆடும் இடம் ஆகிய மூன்று மட்டுமே. அந்தத் தாளில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை: பள்ளியில் எந்த இடத்தில் ஆடினார், வேறு எந்த விளையாட்டை ஆடியிருக்கிறார், எந்த மொழியில் கத்துவார். முகாம் தொடங்குவதற்கு முந்தைய மாலை அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அமர்ந்தால், உத்தி பற்றிய விவாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.